செவிலி கூற்று

ஒரே வேலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசாணையில் செவிலியர். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதியர். வார்டில் படுத்திருப்பவர்களின் வாயில் சிஸ்டர். முதலாவது சங்க இலக்கியத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது வளர்ப்புத்தாயையும் பணிப்பெண்ணையும் ஒருசேரக் குறித்து வந்த சொல். மூன்றாவது கன்னியர் மடத்திலிருந்து வந்தது. வளர்ப்புத்தாய், வேலைக்காரி, துறவி. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவுசெய்து, தொழில் செய்யும் ஒருத்தியைக் குறிக்க இந்த மூன்று உருவங்களைத்தான் நம் மொழி முன்வைத்திருக்கிறது. மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: யாரும் சம்பளம் பேசமாட்டார்கள்.

பி.எஸ்சி. நர்சிங் படிப்பை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் என் அக்கா மகள். ஐந்தாம் பருவத்தில் இருக்கிறாள். விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய ரெக்கார்டு நோட்டுகள், கேர் பிளான் தாள்கள், ஸ்கெட்ச் பேனாக்கள். இருபது வருடமாகத் தமிழ் வகுப்பெடுப்பவளுக்கு எதிரே ஒரு தாள் கிடந்தால் அதை வாசிக்காமல் இருக்க முடியாது. அந்தப் படிப்பு ஒரு பெண்ணின் கையில் கொடுக்கும் வாசகங்கள், அவளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய வாசகங்கள், அவளே எழுதும் வாசகங்கள் ஆகிய மூன்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

செவிலியில் தொடங்குகிறேன். தொல்காப்பியத்தின்படி தோழியின் தாய் செவிலி. தலைவியை வளர்த்தவள், பெற்றவள் நற்றாய். அகப்பாடல்களில் செவிலிக்கென்று தனிக் கூற்று உண்டு. மகள் உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியில் தேடிச் செல்பவளாகவும் வருகிறாள். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது முல்லையில் வரும் செவிலி. ஐங்குறுநூற்றில் ‘செவிலி கூற்றுப் பத்து’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. மணமாகிப் போன மகளின் வீட்டுக்குப் போய், அங்கே கண்டதை நற்றாயிடம் வந்து சொல்பவள் அவள். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது, அப்படி ஒரு அறிக்கைதான். தயிர் பிசைந்த விரல், அந்த விரலைத் துடைத்த துணி, தாளிப்புப் புகை படிந்த கண், கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்டபோது அவள் முகத்தில் தோன்றிய மிக மெல்லிய மலர்ச்சி. அவ்வளவே. ‘மகள் நலமாக இருக்கிறாள்’ என்ற வாக்கியம் பாட்டில் கிடையாது. அறிகுறிகள் மட்டுமே உள்ளன. முடிவை நற்றாயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை வகுப்பில் உவமைக்காகவும் சொற்சுருக்கத்துக்காகவும்தான் நடத்துவார்கள். என் மேசையில் கிடந்த தாளில், பணி மாறும்போது அடுத்த ஷிப்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான குறிப்பு இருந்தது. பார்த்ததைச் சொல், நினைத்ததைச் சொல்லாதே. நோயாளி ‘சோகமாக இருக்கிறார்’ என்று எழுதாதே, சாப்பாட்டில் கால்வாசிதான் உண்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் என்று எழுது. இது செவிலி கூற்றின் இலக்கணம். அரசு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அதன் ஒரு பாதியை, அதாவது வளர்த்தல், தாய்மை, வீட்டோடு இருத்தல் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டது. நேரில் கண்டு வந்து சாட்சி சொல்பவள் என்ற மறுபாதி, உரையாசிரியர்களோடு நின்றுவிட்டது. பட்டப்படிப்பு உண்மையில் கற்றுத்தருவது அந்த மறுபாதியைத்தான்.

அடுத்தது உறுதிமொழி. முதலாம் ஆண்டில் விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளைச் சீருடை, வலை போட்ட கொண்டை, கையில் விளக்கு, பெற்றோர் வரிசையில் கண்ணீர். அப்போது சொல்லப்படுவது நைட்டிங்கேல் உறுதிமொழி என்ற பெயரில் வழங்குவது. பல கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இன்றும் இருக்கிறது. இதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. நைட்டிங்கேல் அப்போது உயிரோடு இருந்தார், 1910இல்தான் இறந்தார். கிரிமியப் போரில் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்பதை வரைபடம் போட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டியவர் அவர். லண்டன் புள்ளியியல் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணும் அவர்தான். அந்தக் கணக்குப்போடும் பெண் நம் விழா மேடைக்கு வருவதில்லை. விளக்கு மட்டும் வருகிறது.

உறுதிமொழியின் பழைய வடிவம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: வாழ்க்கையைத் தூய்மையாகக் கழிக்க வேண்டும், மருத்துவருக்கு அவர் பணியில் விசுவாசத்தோடு உதவ வேண்டும். தூய்மை என்ற சொல் ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழியிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே அது கலையின் தூய்மையோடு சேர்ந்து வருகிறது. அதைச் சொல்லிய ஆண் மருத்துவனின் இரவுகளை யாரும் அந்தச் சொல்லை வைத்து அளக்கவில்லை. இங்கே அது விடுதி வார்டனின் கையேடாக மாறிவிடுகிறது: எட்டு மணிக்குக் கதவு, வாரம் ஒருமுறை கைப்பேசி, ஜன்னல் பக்கம் நிற்காதே. பதினேழு பதினெட்டு வயதில் ஊசி போடவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் நம்பப்படுகிறவள், பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போவதற்கு நம்பப்படுவதில்லை.

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் பெயரிலான உறுதிமொழியை எடுத்தது நினைவிருக்கும். மறுநாளே டீன் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் ஒரு வாரம் அதைப் பேசின. பேசியது சரிதான்; ஒரு மாணவனின் வாயில் எந்த வாக்கியத்தை வைக்கிறோம் என்பது அரசியல்தான். ஆனால் அதே ஊர்களில், அதே வளாகங்களில், நர்சிங் மாணவிகளின் வாயில் நீண்ட காலமாக வைக்கப்பட்டிருக்கும் வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்க ஒரு தலையங்கம்கூட வந்து நான் படித்ததில்லை.

சினிமாவுக்கு வருகிறேன். ஒரு படம் போதும். 1961இல் பீம்சிங் இயக்கத்தில் வந்த ‘பாலும் பழமும்’. சாந்தி ஒரு நர்ஸ். புற்றுநோய்க்கு மருந்து தேடும் மருத்துவர் ரவியின் ஆராய்ச்சியில் துணையாக இருக்கிறாள், மனைவியாகிறாள். காசநோய் வருகிறது. தன்னைக் கவனித்தால் அவன் ஆராய்ச்சி கெடும் என்று வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். இறந்துவிட்டதாக நம்பப்படுகிறாள். அவன் இன்னொருத்தியை மணக்கிறான், கண்பார்வை இழக்கிறான். குணமாகித் திரும்பும் சாந்தி, தான் யாரென்று சொல்லாமல் அவனுக்கே நர்ஸாக வேலைக்குச் சேருகிறாள்.

இந்தக் கதையை எல்லோரும் தியாகக் கதை என்று படிக்கிறார்கள். எனக்கு அதன் வடிவமே போதுமானதாக இருக்கிறது. நர்ஸ் மனைவியாக உயர்த்தப்படுகிறாள், நோயாளியானதும் வெளியேறுகிறாள், மறுபடி உள்ளே வர அவளுக்கு இருக்கும் ஒரே வாசல் நர்ஸ் வேலை, அதுவும் பெயரில்லாமல், பார்க்க முடியாதவனின் முன்னால். பராமரிப்பவள் நோயுற்றால் அவளைப் பராமரிக்க அந்த வீட்டில் இடமில்லை என்பதைத் திரைக்கதை ஒரு கேள்வியாகக்கூட எழுப்புவதில்லை. கண்ணதாசனின் பாடல்களும் சரோஜாதேவியின் முகமும் அந்த இடத்தை மூடிவிடுகின்றன. ஆராய்ச்சியில் அவளுடைய பங்கு என்ன, அவள் என்ன படித்தாள், எங்கே பயின்றாள்? படம் கேட்கவில்லை. இதற்குப் பிறகு தமிழ்ப்படத்தில் நர்ஸ் பெரும்பாலும் இன்னும் கீழே இறங்கினாள். நகைச்சுவை நடிகருக்கு இடுப்பில் ஊசி போடும் குட்டைச் சீருடைக்காரியாக.

படிப்புக்குள் போகலாம். முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள், அத்துடன் தொடர்பாடல் ஆங்கிலம். நர்சிங் அடிப்படைகளில்தான் படுக்கை விரிப்பது முதல் படுத்த நிலையில் குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, பெட்பேன் வைப்பது, முதுகு தேய்த்துப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது வரை எல்லாம் வருகின்றன. வெளியிலிருப்பவர்கள் ‘மலம் மூத்திரம் எடுக்கிற வேலை’ என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கும் பகுதி இது. அந்த ஒதுக்கலுக்குச் சாதியின் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்நிய உடலைத் தொடுவதும் கழிவைக் கையாளுவதும் தீட்டு என்ற சமூகத்தில் இந்தத் தொழிலுக்கு முதலில் வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள், கிறித்தவப் பெண்கள், ஆதரவற்ற விதவைகள். வேலூரிலும் டெல்லியிலும் 1946இல் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியபோது, இது கல்லூரியில் படிக்க வேண்டிய அறிவு என்று சொன்னதே ஒரு சமூக வாதம்தான். எண்பது வருடம் ஆகப்போகிறது. வாதம் முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை. கல்யாணத் தரகர் இன்னும் ‘பொண்ணு நர்சு, நைட் டூட்டி உண்டா?’ என்றுதான் கேட்கிறார்.

இங்கே ஒரு இடைச்சொருகல். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்ததும், அதைத் தொடர்ந்து பெண் கவிஞர்கள் உடலை எழுதலாமா என்று நடந்த சண்டையும் நம் இலக்கிய வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. உடல்மொழி, உடலரசியல் என்று ஏராளமான கட்டுரைகள் வந்தன. ஆனால் அந்த விமர்சனம் எழுதப்படும் உடலையே பேசியது. தொடப்படும், கழுவப்படும், திருப்பிப் படுக்கவைக்கப்படும் உடலைப் பேசவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், தாத்தா வயதுள்ள ஆணின் உடலைத் துணி விலக்கித் துடைத்துவிட்டு மதியம் விடுதியில் சாம்பார் சாதம் உண்கிறாள். வெட்கத்தை அவளுக்குள் வளர்த்த அதே சமூகம், காலை ஏழு மணிக்கு வெட்கப்படாதே என்கிறது. மாலை ஐந்து மணிக்கு மறுபடி வெட்கப்படச் சொல்கிறது. இந்த மாற்றத்தை அவள் எப்படிக் கையாளுகிறாள் என்பதில் ஒரு நாவல் இருக்கிறது. யாராவது நர்ஸ் எழுத வேண்டும்.

இனி மொழி. இந்தப் படிப்பின் பயிற்றுமொழி ஆங்கிலம். முதல் பருவத்தில் தொடர்பாடல் ஆங்கிலம் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம், நோயாளியோடு தொடர்பாட வேண்டிய மொழிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை என்பதில். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, அறுவடைக்கூலிப் பணத்திலும் வங்கிக் கடனிலும் சேரும் பெண்கள் முதல் இரண்டு பருவங்களில் தடுக்கி விழுவது இந்த ஆங்கிலத்தில்தான். என் அக்கா மகள் ஆறு மாதம் உடற்கூறியலை உரு அடித்தாள்; உதட்டசைவு தெரியும், சத்தம் வராது. விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு வந்தும் விட்டாள். அக்கா அழுதாள். பிறகு அவளாகவே ஞாயிற்றுக்கிழமை மாலை பேருந்து ஏறிப் போனாள். ஏன் திரும்பினாய் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். முன்பக்கங்களில் கேர் பிளான். நர்சிங் நோயறிதலுக்கு மூன்று உறுப்புள்ள ஒரு வாக்கிய வடிவம் உண்டு: சிக்கல் இது, இதனோடு தொடர்புடையது, இதனால் அறியப்படுகிறது. மணிமேகலையில் வரும் பக்கம், ஏது, திட்டாந்தம் எனக்கு நினைவுக்கு வந்தன. அவ்வளவு ஒழுங்கான தர்க்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கடும் வலி, அளவு ஆறு. கடும் வலி, அளவு நான்கு. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணாகச் சொல்லச் செய்வது உலகெங்கும் உள்ள முறை.

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். பென்சிலில், தமிழில், பெட் நம்பர் வாரியாக எழுதியிருந்தாள். குத்துது. குடையுது. பிசையுது. இழுக்குது. கடுக்குது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. மதமதன்னு கெடக்கு. சுருக்குனு குத்தி மூச்ச அடைக்குது. அள்ளி அள்ளிப் புடிக்குது. நெஞ்சு கரிக்குது. சில சொற்களுக்குப் பக்கத்தில் அம்புக்குறி: விண்விண் என்றால் சீழ் கட்டியிருக்கலாம், குடைச்சல் பெரும்பாலும் எலும்பு, மூட்டு, கடுப்பு என்றால் கெண்டைக்காலா, நீர்க்கடுப்பா, கேட்கணும், மதமத என்றால் சர்க்கரை இருக்கா பார்க்கணும்.

எதற்கு இது என்றேன்.

“எண்ணு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியல சித்தி. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா ஒரு பாட்டி, பத்துப் பைசாவான்னு கேக்குது. எப்படி வலிக்குதுன்னு கேட்டா மட்டும் கடகடன்னு சொல்லுது.”

பயிற்சி ஆசிரியை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டில் கிறுக்கக்கூடாது என்று அழிக்கச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பென்சில். அழித்த தடத்தின் மேலேயே திரும்ப எழுதியிருந்தாள்.

இந்தப் பக்கத்தைத்தான் நான் இந்தக் கட்டுரையின் மையப் பிரதி என்கிறேன். 1975இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் வலிக்கான ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் நோயாளிகள் சொல்லும் 78 சொற்களை இருபது தொகுதிகளாகப் பிரித்தது அது. துடிப்பது, துளைப்பது, எரிவது, அழுத்துவது என்று. எந்த வகைச் சொல் எந்த வகை நோயைச் சுட்டுகிறது என்று மருத்துவ உலகம் அதை வைத்து ஆராய்ந்தது. ஆங்கிலம் தன் நோயாளிகளின் சொற்களை அறிவாக மாற்றிக்கொண்டது. நம் வார்டுக்கு வந்து சேர்ந்தது அந்த அறிவு அல்ல, அதன் எண்ணுருச் சுருக்கம். மாத்திரை கொடுத்த பிறகு வலி குறைந்ததா என்று அறிய எண் வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடைச்சலும் கடுப்பும் உளைச்சலும் ‘கடும் வலி’ என்று ஒன்றாகிவிடும்போது, நோயாளி கொடுத்த தகவலின் பெரும்பகுதி தாளுக்கு வெளியே விழுந்துவிடுகிறது. நோ என்ற வேரிலிருந்து நோயையும் நோவையும் பெற்று, காதலின் துயரையும் நோய் என்றே சொன்ன மொழியில், இது வெறும் மொழிப்பற்று விவகாரம் இல்லை. நோயாளியின் பாதுகாப்பு விவகாரம்.

இதைச் செய்தது ஒரு மாணவி, யாரும் கேட்காமல். தமிழ்த்துறைகளில் வட்டாரச் சொல்லகராதிக்கு ஆய்வேடுகள் போடுகிறோம். மீன்பிடிச் சொற்கள், வேளாண் சொற்கள், தறிச் சொற்கள். வலிச் சொற்களுக்கு ஓர் ஆய்வேட்டை நான் எங்கள் துறையில் இதுவரை பார்த்ததில்லை. ஆய்வாளர் களத்துக்குப் போய் ஒலிப்பதிவு செய்ய வேண்டியதில்லை. களத்தில் ஏற்கனவே இளநீலச் சீருடையில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

நான் இப்படி ஆவேசப்பட்டபோது அவள் சிரித்தாள். “ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைல குறுந்தொகை வராது சித்தி” என்றாள். அவள் சொல்வதும் சரி. அவளுக்கு ஆங்கிலம் ஆடம்பரம் இல்லை, வாசல். இங்கே படித்துவிட்டு இங்கேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் எடுக்கப்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாமல் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,472 பேருக்கு 2022 டிசம்பர் 31 அன்று வேலை முடிந்தது. கைதட்டியும் தட்டுத் தட்டியும் மூன்று வருடம்கூட ஆகவில்லை. தனியார் மருத்துவமனைகளுக்கு, உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் ஊர் நர்சிங் ஹோம்களில் அந்தத் தொகையைச் சொன்னால் முதலாளிகள் நம்மை ஆஸ்பத்திரிக்கு வந்த மனநோயாளியைப் போலப் பார்க்கிறார்கள்.

எனவே தேவதைகள் என்ற சொல் வரும்போதெல்லாம் நான் சம்பளப் பட்டியலைத் தேடுகிறேன். தாய், சகோதரி, தேவதை என்று உறவுப்பெயர் சூட்டுவது வேலையைக் குடும்பத்துக்குள் இழுத்துக்கொள்வதற்கு. குடும்பத்துக்குள் வந்துவிட்ட வேலைக்குக் கூலி கேட்டால் அது நன்றிகெட்டதனம். நம் அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. அதனால்தான் பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் இதற்கு இடம் கேட்டேன்.

ஐந்தாம் பருவத்தில் தடயவியல் நர்சிங் என்று ஒரு தாள் புதிதாக வந்திருக்கிறது. 2021 பாடத்திட்டத்தின் நல்ல விஷயங்களில் ஒன்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் வரும்போது என்ன செய்ய வேண்டும், சான்றை எப்படிச் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும், அவர் சொன்ன சொற்களை எப்படி அப்படியே பதிவுசெய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகின்றன. அவர் சொன்ன சொற்களிலேயே, திருத்தாமல் என்ற குறிப்பின் கீழ் அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள். பென்சில் பக்கத்துக்குப் பாடத்திட்டத்திலேயே ஓர் ஆதாரம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அந்த இரண்டாவது கோட்டில் தெரிந்தது.

அடுத்த பருவம் பிரசவ வார்டு. போன ஞாயிற்றுக்கிழமை மெய்யான வலிக்கும் பொய்வலிக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். என் அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அது சூட்டு வலி தாயி. சீரகக் கசாயம் வச்சுக் குடு. சூட்டு வலின்னா அமந்துரும். நெசமான நோவுன்னா கசாயம் உள்ள போனதும் இன்னும் கூடும்.”

அட்டவணையில் ஐந்தாவது வரிசை ஏறக்குறைய இதைத்தான் சொன்னது: ஓய்வுக்கும் மருந்துக்கும் அடங்குவது பொய்வலி. அவள் அட்டவணையையும் அம்மாச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். பென்சிலைத் தேடினாள், கிடைக்கவில்லை. என் சிவப்பு மைப் பேனாவை எடுத்து எழுதினாள்: சூட்டு வலி.

“உனக்கு எங்கம்மா பொறக்கும்போது எத்தனை மணி நேரம் அம்மாச்சி?”

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.